ஸ்டார்பக்ஸ் வளர்ந்தது காபியாலா, கடைக் கணக்காலா?

ஸ்டார்பக்ஸ் காபி உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனாலும் அது எப்படி உலகெங்கும் 40,000 கடைகளைத் தாண்டியது என்று கேட்டிருக்கிறீர்கள். அது காபிக் கடையே இல்லை, வாடிக்கையாளர் முன்கூட்டிக் கட்டும் பணத்தில் நடக்கும் வங்கி என்று உங்கள் நண்பர் சொல்வது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், கோயம்புத்தூரில் நீங்களே இரண்டு காபிக் கடைகள் நடத்துவதாகவும், மூன்றாவதை வேறொருவருக்கு உரிமம் கொடுத்துத் திறக்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். உணவகங்கள், இனிப்புக் கடைகள், சில்லறைக் கடைத் தொடர்கள் ஆகியவற்றின் கணக்குகளைத் தணிக்கை செய்வதும், புதிய கிளை தாக்குப்பிடிக்குமா என்று மதிப்பிட்டுச் சொல்வதும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் தொழில். ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தில் நான் வேலை பார்த்ததில்லை. அதன் ஆண்டறிக்கைகளும், அதன் தலைவர்கள் வெளிப்படையாகச் சொன்னவையுமே எனக்கு ஆதாரம். எது ஆவணத்தில் இருப்பது, எது என் ஊகம் என்பதை ஆங்காங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். 1971-இல் சியாட்டில் நகரில் ஜெர்ரி பால்ட்வின், ஜெவ் சீகல், கார்டன் போக்கர் என்ற மூவர் தொடங்கிய ஸ்டார்பக்ஸில் காபி போட்டு விற்கவில்லை. பெர்க்லியில் ஆல்பிரட் பீட் நடத்திவந்த கடையைப் பார்த்து, நல்ல கொட்டையைக் கரிய நிறம் வரும்வரை வறுத்து எடைபோட்டு விற்ற கடை அது. காபியைச் சுவை பார்க்கக் கொடுத்ததோடு சரி. 1982-இல் வேலைக்குச் சேர்ந்த ஹோவர்டு ஷுல்ட்ஸ், அடுத்த ஆண்டு இத்தாலியின் மிலான் நகருக்குப் போனபோது அங்குள்ள எஸ்பிரெஸ்ஸோ கடைகளில் மக்கள் தினமும் வந்து நின்று குடித்துவிட்டுப் போவதைக் கண்டார். திரும்பி வந்து, 1984-இல் சியாட்டிலின் ஒரு கிளையில் பானமும் விற்றுப் பார்க்க அனுமதி வாங்கினார். வியாபாரம் நன்றாகவே நடந்தது. ஆனாலும் உரிமையாளர்களுக்கு உணவகத் தொழிலில் இறங்க விருப்பமில்லை. எனவே அவர் வெளியேறி ‘இல் ஜோர்னாலே’ என்ற பெயரில் சொந்தக் கடை தொடங்கினார். 1987-இல் ஸ்டார்பக்ஸ் விற்பனைக்கு வந்தபோது முதலீட்டாளர்களைத் திரட்டி 38 லட்சம் டாலருக்கு வாங்கினார். அப்போது அதற்கு ஆறு கடைகள்தான் இருந்தன. பதினாறு ஆண்டுகளில் ஆறு கடைகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாற்றத்தின் கணக்கை உங்களைப் போன்ற கடைக்காரருக்குச் சொல்வது எளிது. கொட்டை வாங்குபவர் கால் கிலோ வாங்கிக்கொண்டு போனால் திரும்பி வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதே கால் கிலோவில், இரட்டை எஸ்பிரெஸ்ஸோவுக்கு 18 கிராம் என்று வைத்துக்கொண்டால், பதின்மூன்று பதினான்கு கோப்பை போடலாம். ஒவ்வொரு கோப்பைக்கும் தனி விலை, வாங்குகிறவர் நாளையும் வருவார். பாலும் சர்க்கரைப்பாகும் சேரச் சேர விலை ஏறுகிறது, கொட்டையின் செலவு அப்படியே நிற்கிறது. இன்றைய ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், மொத்த வருவாயில் கொட்டை, பால், கோப்பை, சரக்குப் போக்குவரத்து எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வருகிறது. கடையைத் திறந்து வைத்திருக்கும் செலவு, அதாவது சம்பளம், வாடகை முதலியவை, நூற்றுக்கு நாற்பது அளவில் இருக்கிறது. ஆகவே இந்தத் தொழிலில் லாபத்தைத் தீர்மானிப்பது கொட்டையின் விலையைவிட, விளக்கைப் போட்டு ஆட்களை நிறுத்திய ஒவ்வொரு மணி நேரத்திலும் எத்தனை கோப்பை நகர்கிறது என்பதே. ஸ்டார்பக்ஸின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் இந்த ஒரு எண்ணை வைத்தே பெரும்பாலும் புரிந்துகொள்ள முடியும் என்பது என் கருத்து.

இதிலிருந்து பிறந்ததுதான் அருகருகே கடை திறக்கும் உத்தி. ஒரே சந்திப்பில் எதிரெதிராக இரண்டு ஸ்டார்பக்ஸ் இருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. காலை ஏழரை முதல் ஒன்பது வரை வரிசை வாசலைத் தாண்டி நின்றால், வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவரின் பணம் எந்தக் கணக்கிலும் வராது. பக்கத்தில் இன்னொரு கடை திறந்தால் பழைய கடையின் விற்பனை கொஞ்சம் குறையும். ஆனால் திரும்பிப் போனவர்கள் வந்து சேருவார்கள், சரக்கு வண்டி ஒரே சுற்றில் இரண்டு கடைக்கும் இறக்கும், போட்டியாளருக்கு நல்ல மூலை கிடைக்காது. இதை நிறுவனம் தெரிந்தே செய்தது. ஆனால் ஒரு நகரில் பலித்தது இன்னொரு நகரில் உடனே பலித்துவிடவில்லை. 1987-இல் சிகாகோவில் திறந்த முதல் கடையின் வாசல் தெருவைப் பார்த்து இருந்தது. அந்தக் குளிரில் அலுவலகக் கட்டிடத்தை விட்டு வெளியே வந்து காபி வாங்க யாரும் விரும்பவில்லை. சிகாகோ சில ஆண்டுகள் பணத்தைத் தின்றது. கடையின் இடம் என்று நாம் சொல்வதில் வாசல் எந்தப் பக்கம் என்பதும் அடங்கும் என்பதை நானும் என் தொழிலில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி உரிமம் பற்றி. 1992 ஜூனில் ஸ்டார்பக்ஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. அந்த நிதியாண்டின் முடிவில் அதற்கு 165 கடைகள் இருந்தன. பங்கின் வெளியீட்டு விலை 17 டாலர். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் போன்றவை தனியாருக்கு உரிமம் கொடுத்துப் பெருகியதைக் கண்ணெதிரே பார்த்திருந்தும், ஸ்டார்பக்ஸ் அந்த வழியைத் தவிர்த்து, பங்கு வெளியிட்டுத் திரட்டிய பணத்தில் சொந்தக் கடைகளைத் திறந்தது. விமான நிலையம், பல்பொருள் அங்காடி என்று தானே நுழைய முடியாத இடங்களில் மட்டும் அந்த இடத்தை நடத்தும் பெரிய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. 1991-இல் சியாட்டில் விமான நிலையத்தில் திறந்தது அப்படிப்பட்ட முதல் கடை. சொந்தக் கடை என்றால் சொந்த ஊழியர். 1988-இல் பகுதிநேர ஊழியர்களுக்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தார்கள், 1991-இல் அவர்களுக்கும் பங்குரிமைத் திட்டம் கொண்டுவந்தார்கள். ஆள் அடிக்கடி மாறும் தொழிலில், ஒருவரைப் புதிதாகப் பழக்குவதைவிட இருப்பவரைத் தக்கவைப்பது மலிவு என்பது ஷுல்ட்ஸ் வெளிப்படையாகச் சொன்ன காரணம். அதே நிறுவனத்தில்தான் 2021 டிசம்பரில் பஃபலோ நகரக் கடையொன்றின் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தார்கள், அதன்பின் நூற்றுக்கணக்கான கடைகளுக்கு அது பரவியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நேர்மையான படம் கிடைக்கும்.

வெளிநாடுகளில் அவர்கள் வேறு விதமாக நடந்துகொண்டார்கள். 1996-இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் முதல் கடை திறந்தபோது ஸசாபி என்ற ஜப்பானிய நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தார்கள். வாடகை ஒப்பந்தம், உள்ளூர் ரசனை, ஆள் சேர்ப்பு ஆகியவற்றைக் கூட்டாளியிடமிருந்து கற்றுக்கொண்டு, சந்தை உறுதியானபின் கூட்டாளியின் பங்கை வாங்கிக்கொள்வது பல நாடுகளில் தெரியும் வழக்கம். ஜப்பானில் முழு உரிமையை வாங்கும் முடிவு 2014-இல் வந்தது. கிழக்குச் சீனக் கூட்டு நிறுவனத்தின் மீதிப் பாதிக்கு 2017-இல் 130 கோடி டாலர் கொடுக்க முன்வந்தார்கள். இந்தியாவில் 2012 அக்டோபரில் மும்பை ஹார்னிமன் சர்க்கிளில் டாடாவோடு பாதிக்குப் பாதி கூட்டாகத் தொடங்கினார்கள். இங்கே விற்கும் எஸ்பிரெஸ்ஸோவுக்கான கொட்டை டாடாவின் குடகுத் தோட்டங்களிலிருந்து வருவதால், நாம் ‘அயல்நாட்டுக் காபி’ என்று நினைத்துக் குடிப்பது பெரும்பாலும் பக்கத்து மாநிலத்தில் விளைந்ததே. 2025 நிதியாண்டின் முடிவில் உலகிலுள்ள அவர்களின் கடைகளில் ஏறத்தாழப் பாதி சொந்தக் கடை, பாதி உரிமக் கடை.

இந்த வரலாற்றில் நீங்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் 2007, 2008 ஆண்டுகள். 2000-இல் தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பிலிருந்து ஷுல்ட்ஸ் விலகியிருந்தார். ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த கடைகள் பத்தே ஆண்டுகளில் 13,000 ஆகியிருந்தன. 2007 பிப்ரவரியில் அவர் நிர்வாகிகளுக்கு எழுதிய உள்குறிப்பு ஒன்று வெளியே கசிந்தது. அதில் அவர் சொன்னது கணக்குப் பார்ப்பவர்கள் அனைவரும் படிக்க வேண்டியது. வேகமாகக் காபி போடத் தானியங்கி எஸ்பிரெஸ்ஸோ இயந்திரங்களை வாங்கினோம். அவை உயரமாக இருந்ததால் காபி போடுகிறவரும் வாங்குகிறவரும் முகம் பார்க்க முடியாமல் போயிற்று. கொட்டை புதிதாக இருக்கட்டும் என்று காற்றுப் புகாத உறையில் அடைத்தோம். கடையில் காபி மணமே இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு முடிவும் எடுத்த நேரத்தில் சரியாகத்தான் தோன்றியது, எல்லாம் சேர்ந்து கடையின் இயல்பைக் கரைத்துவிட்டன என்பது அவர் வாதம். 2008 ஜனவரியில் அவர் மீண்டும் பொறுப்பேற்றார். பிப்ரவரி 26 மாலை அமெரிக்காவிலுள்ள 7,100 கடைகளையும் சில மணி நேரம் மூடி, எஸ்பிரெஸ்ஸோ போடுவதை ஊழியர்களுக்கு மறுபடி கற்றுக்கொடுத்தார்கள். அந்த ஜூலையில் 600 கடைகளை மூடப்போவதாக அறிவித்தார்கள், அடுத்த ஆண்டு ஜனவரியில் மேலும் 300.

அந்தச் சரிவுக்குக் காரணம் அளவுமீறிய விரிவாக்கமா, அப்போது அமெரிக்காவை உலுக்கிய வீட்டுக்கடன் நெருக்கடியா என்பது இன்றும் விவாதத்துக்கு உரியது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் எவராலும் அவற்றைத் துல்லியமாகப் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் ஒரு எண் எனக்கு வலுவான சான்றாகப் படுகிறது: மூடுவதாக அறிவித்த 600 கடைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு, 2006 நிதியாண்டின் தொடக்கத்துக்குப் பின் திறந்தவை. வீழ்ச்சிக்கு நெருக்கடி மட்டுமே காரணம் என்றால் பழைய கடைகளும் அதே விகிதத்தில் அடிபட்டிருக்க வேண்டும். இவ்வளவு பெரும்பங்கு புதுக் கடைகளாக இருப்பது, இடத் தேர்வின் அளவுகோல் தளர்ந்துபோனதைக் காட்டுகிறது என்று நான் கருதுகிறேன். ஓராண்டில் ஆயிரக்கணக்கான கடைகளைத் திறந்தே ஆக வேண்டும் என்று பங்குச் சந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், சுமாரான மூலைகூட நல்ல மூலையாகத் தெரியத் தொடங்கும்.

அளவு சிறியதென்றாலும் இதே நோயை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இனிப்பும் காபியும் விற்கும் ஒரு கடைத் தொடர் தன் முதல் கடையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் மூன்றாவது கிளையைத் திறந்தது. மொத்த விற்பனை ஏறியது, உரிமையாளர் மகிழ்ந்தார். கிளைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது முதல் கடையின் மாலை நேர விற்பனை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விழுந்திருந்தது. புதுக் கடையின் விற்பனையில் பெரும்பகுதி அங்கிருந்து நகர்ந்து வந்தது. வாடகையும் சம்பளமும் மட்டுமே புதிதாகச் சேர்ந்தவை. ஸ்டார்பக்ஸுக்கு இது பலித்ததற்குக் காரணம் அதன் முதல் கடையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. இவர்கள் கடையில் அப்படியொரு வரிசை இல்லை. அந்த வேறுபாட்டைக் கடை திறப்பதற்கு முன்பே நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2000-இல் நுழைந்து 84 கடைகள் வரை திறந்து, 2008-இல் அவற்றில் 61-ஐ மூடினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியேறிய இத்தாலியர்களும் கிரேக்கர்களும் நடத்திய சிறு எஸ்பிரெஸ்ஸோ கடைகள் அங்கே தெருவுக்குத் தெரு இருந்தன. கடைக்காரர் பெயர் தெரிந்து நல்ல காபி குடித்துப் பழகியவர்களுக்கு இனிப்பு மிகுந்த, விலையும் மிகுந்த கோப்பை தேவைப்படவில்லை. அமெரிக்காவில் அவர்கள் ஒரு பழக்கத்தையே உருவாக்கினார்கள், ஆஸ்திரேலியாவில் அந்தப் பழக்கம் ஏற்கெனவே அதைவிடச் சிறப்பாக இருந்தது. அந்தப் பாடத்தாலோ என்னவோ, இத்தாலிக்குள் நுழைய 2018 வரை காத்திருந்து, மிலானில் பிரம்மாண்டமான வறுப்பாலைக் கடை ஒன்றோடு தொடங்கினார்கள்; ‘அந்தப் பாடத்தால்’ என்பது என் ஊகம் மட்டுமே.

உங்கள் நண்பரின் ‘வங்கி’ வாதத்துக்கு வருகிறேன். அதில் உண்மை உண்டு. வாடிக்கையாளர்கள் அட்டையிலும் செயலியிலும் முன்கூட்டியே பணம் நிரப்பி வைக்கிறார்கள். 2023 நிதியாண்டின் முடிவில் அப்படிச் செலவாகாமல் இருந்த தொகை 150 கோடி டாலருக்கு மேல். அதற்கு நிறுவனம் வட்டி கொடுப்பதில்லை. வாடிக்கையாளர்கள் பயன்படுத்தாமலே விட்டுவிடுவார்கள் என்று கணக்கிட்டு அந்த ஆண்டு வருவாயில் சேர்த்துக்கொண்ட தொகை 20 கோடி டாலருக்கு மேல். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அதே ஆண்டில் மொத்த வருவாய் ஏறத்தாழ 3,600 கோடி டாலர், செயல்பாட்டு லாபம் சுமார் 587 கோடி டாலர். அட்டையில் மிஞ்சிய வருவாய் முழுவதையும் எடுத்துவிட்டாலும் லாபத்தில் 4 விழுக்காடுகூடக் குறையாது. அவர்கள் கடன் கொடுப்பதுமில்லை, வைத்த பணத்தை ரொக்கமாகத் திருப்பித் தரும் சேமிப்புக் கணக்கும் நடத்துவதில்லை. வட்டியில்லா நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடத் தொழிலுக்குக் கையில் புழங்கும் பணம், என்று சொன்னால் சரி, வங்கி என்றால் மிகை. அந்த அட்டையின் பெரிய பயன் வேறு என்று நினைக்கிறேன்: ஏற்கெனவே கட்டிய பணம் செயலியில் இருக்கும்போது காலையில் எந்தக் கடைக்குப் போவது என்று மனம் யோசிப்பதில்லை.

ஆனால் அதே செயலி புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. 2015-இல் அமெரிக்கா முழுவதும் வந்த கைபேசி முன்பதிவு, இன்று அங்குள்ள சொந்தக் கடைகளின் விற்பனை எண்ணிக்கையில் ஏறத்தாழ 30 விழுக்காடு. வரிசை கண்ணுக்குத் தெரியாமல் நீள்கிறது. கடைக்குள் நேரில் வந்தவர், யாருக்கோ போடப்படும் இருபது கோப்பைகளுக்குப் பின்னால் காத்திருக்கிறார். குளிர்பானங்களும், ஒவ்வொருவரும் கேட்கும் தனித்தனி மாற்றங்களும் கூடியதால் ஒரு கோப்பைக்கு ஆகும் நேரமும் கூடியது. மணிக்கு எத்தனை கோப்பை என்ற அதே கணக்கு மறுபடி வந்து நின்றது. 2024 செப்டம்பரில் சிப்போட்லே என்ற உணவகத் தொடரிலிருந்து வந்து தலைமையேற்ற பிரையன் நிக்கல், பானப் பட்டியலைச் சுருக்குவது, நான்கு நிமிடத்துக்குள் கோப்பையைத் தருவது, உட்காரும் இடத்தை மீட்பது என்று தொடங்கினார். சீனாவிலோ 2017-இல் தோன்றிய லக்கின் காபி, உட்கார இடம் அதிகமில்லாத சிறு கடைகளில் 9.9 யுவானுக்குக் கோப்பை விற்று, 2020-இல் வெளிவந்த கணக்கு மோசடியையும் தாண்டி எழுந்து, 2023-இல் சீன விற்பனை வருவாயில் ஸ்டார்பக்ஸை முந்தியது. 2025 நவம்பரில், சீனத் தொழிலின் 60 விழுக்காடு வரை போயு கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுப்பதாக ஸ்டார்பக்ஸ் அறிவித்தது. அதன்படி அங்குள்ள கடைகள் உரிமக் கடைகளாக மாறும். கூட்டாளியின் பங்கை வாங்கிச் சேர்த்த அதே நாட்டில் எட்டு ஆண்டுகளில் திசை திரும்பியிருக்கிறது. நிக்கலின் திருத்தங்கள் நிலைத்த பலன் தருமா என்பதை ஓரிரு காலாண்டுகளை வைத்துச் சொல்வது பொறுப்பாகாது.

சுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரிய வறுப்பு கொட்டையின் நுண்சுவைகளை மறைக்கிறது என்று காபி அறிந்தவர்கள் குறை சொல்வது நியாயமானதே. ஆனால் அந்த வறுப்பு பாலையும் இனிப்பையும் தாண்டி நாக்கில் நிற்கிறது, அறுவடைக்கு அறுவடை வரும் வேறுபாட்டையும் தணிக்கிறது. பல்லாயிரம் கடைகளில் ஒரே மாதிரி ருசி வேண்டுமென்றால் அது வசதி. பீட்டிடமிருந்து வந்த ரசனை பிற்காலத்தில் இப்படிப் பயன்பட்டது என்றே நான் புரிந்துகொள்கிறேன். உங்களுக்குப் பிடிக்காததில் குற்றமில்லை. டிகாக்ஷன் காபியில் பழகிய நாக்கு வேறொன்றை எதிர்பார்க்கும்.

உங்கள் மூன்றாவது கடைக்கு வருகிறேன். உரிமம் கொடுப்பதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள் என்பேன். ஸ்டார்பக்ஸ் தன் முதல் உரிமக் கடையைத் திறக்கும்போது, சொந்தக் கையால் நடத்திய நூறு கடைகளின் அனுபவம் அதற்கு இருந்தது. எழுதி வைத்த முறையும், வறுத்துக் கொடுக்கும் ஆலையும், மேற்பார்வைக்கு ஆட்களும் இருந்தார்கள். இரண்டு கடைகளில் டிகாக்ஷன் இறக்குவது இன்னும் உங்கள் மாஸ்டரின் கைப்பக்குவமாக இருந்தால், உரிமம் வாங்குபவருக்கு உங்களால் பெயர்ப்பலகையைத் தவிர வேறெதுவும் கொடுக்க முடியாது. அடுத்த மூன்று மாதம் இரண்டு கடைகளிலும் மணிவாரியாக எத்தனை கோப்பை விற்கிறது, எந்த நேரத்தில் ஆட்கள் வரிசையைப் பார்த்துத் திரும்புகிறார்கள் என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். வாடிக்கையாளர் எந்தப் பகுதியிலிருந்து வருகிறார் என்பதையும் பணம் வாங்கும் இடத்தில் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள்களோடு, மூன்றாவது கடைக்குக் கேட்கும் வாடகையையும் முன்பணத்தையும் இங்கே எழுதினால், சொந்தமாகத் திறப்பது தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.